செத்த காலேஜும் நம் ஊர்ப் பதிவேடும்



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து மூத்தவர்களிடம் எழும்பூர் அருங்காட்சியகம் என்றால் சட்டென்று புரியாது. ‘செத்த காலேஜ்’ என்றால் புரியும். மிருகக்காட்சி சாலை அவர்களுக்கு ‘உயிர் காலேஜ்’. படிப்பு மறுக்கப்பட்டவர்களும் இந்த இரண்டு இடங்களையும் காலேஜ் என்றே சொல்லியிருக்கிறார்கள். பார்க்கப் போவதும் படிப்புதான் என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும். அந்தப் படிப்பை எப்படிப் படிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. 1885 முதல் 1908 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். காலிப்பர் கருவியால் மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்து, அந்த அளவுகளைச் சாதிவாரியாகப் பதிந்தவர். பார்க்க வந்தவர்களையும் அவர் அங்கேயே நிறுத்தி அளந்திருக்கிறார். அந்த வேலை 1909இல் கே. ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றிய ஏழு தொகுதிகளாக வெளிவந்தது. சாதிகள் ஆங்கில அகரவரிசையில் நிற்கின்றன. நம் மக்களைப் பற்றிய நீண்ட பதிவு ஆறாம் தொகுதியில் இருக்கிறது. வேடிக்கை பார்க்கப் போனவரே காட்சிப்பொருளான இடம் அது. இன்று அங்கே நுழையும் மாணவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடிக்கு எந்தப் பக்கம் நாம் நிற்கிறோம் என்பது அப்போதுதான் விளங்கும்.

அடுத்து அமராவதிக் கற்களுக்கும் நாகப்பட்டினத்துப் புத்தர் படிமங்களுக்கும் முன்னால் நிதானமாக நில்லுங்கள். நாகையில் 1856 முதல் பல ஆண்டுகளில் சுமார் 350 பௌத்தப் படிமங்கள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. அங்கிருந்த பழைய விகாரையின் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. காட்சிப் பலகைகள் நூற்றாண்டைச் சொல்லும், உலோகத்தைச் சொல்லும். வணங்கிய மக்கள் யார், அவர்கள் எங்கே போனார்கள் என்பதைப் பலகை சொல்வதில்லை. 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கி, 1907 ஜூன் 19 முதல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை நடத்திய அயோத்திதாசர் கேட்டது அந்தக் கேள்வியைத்தான். அவருடைய சொல்லாராய்ச்சி முழுவதையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கேள்வி இன்றும் நிற்கிறது. கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் 2023 டிசம்பர் 1 அன்று அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. இரட்டைமலை சீனிவாசனுக்கும் அதே வளாகத்தில் நினைவிடம் உண்டு. போய் வாருங்கள். ஆனால் தலைவர்களின் மண்டபத்தோடு நம் பயணம் நின்றுவிடக் கூடாது.

பெயர் தெரியாமல் உழைத்தவர்களுக்கும் செத்தவர்களுக்கும் என்ன இடம்? கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு, கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதற்காக, இராமையாவின் குடிசையில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. கார் வைத்திருக்கும் செல்வந்தர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பதை நம்ப இயலவில்லை என்பது தீர்ப்பின் போக்கு. நீதிமன்றம் கைவிட்ட பெயர்களை இயக்கம் கல்லில் வெட்டியது. ஆண்டுதோறும் டிசம்பர் 25இல் அங்கே கூட்டம் கூடுகிறது. ஊராட்சித் தலைவர் ஆனதற்காக 1997 ஜூன் 30இல் முருகேசனும் உடனிருந்தவர்களும் கொல்லப்பட்ட மேலவளவிலும் நினைவிடம் எழுப்பியது நம் மக்களே.

இந்த இடத்தில் அமெரிக்காவின் தென்மாநிலமான அலபாமாவைக் கொஞ்சம் பார்ப்போம். அதன் தலைநகர் மாண்ட்கமரி. அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் தலைவர் 1861இல் பதவியேற்றதும், 1955 டிசம்பர் 1 அன்று பேருந்தில் இருக்கையை விட மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானதும் அதே ஊரில்தான். தொடர்ந்த பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. இன்றைக்கும் அலபாமாவில் ஜனவரி மூன்றாம் திங்கட்கிழமை மார்ட்டின் லூதர் கிங்குக்கும் அரசு விடுமுறை, அடிமைமுறைக்காகப் போரிட்ட படைத்தளபதி இராபர்ட் லீக்கும் அரசு விடுமுறை. ஒரே நாள், இரண்டு பேருக்கும்! நம் ஊர்ச் சமரசங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இதில் வியப்பு இருக்காது.

அந்த ஊரில் 2018 ஏப்ரல் 26 அன்று ஒரு நினைவிடம் திறக்கப்பட்டது. கும்பல்களால் கொல்லப்பட்ட கறுப்பின மக்களுக்கானது அது. கட்டியது அரசல்ல, மரண தண்டனைக் கைதிகளுக்காக வாதாடும் வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சன் தொடங்கிய அமைப்பு. அவர்கள் 1877 முதல் 1950 வரை 4,400க்கும் மேற்பட்ட கொலைகளை ஆவணப்படுத்தினார்கள். நினைவிடத்தில் 800க்கும் அதிகமான இரும்புத் தூண்கள் உள்ளன. ஒவ்வொரு தூணும் ஒரு கவுண்டிக்கு, அதாவது நம் தாலுகா, மாவட்டம் போன்ற ஒரு நிர்வாகப் பகுதிக்கு உரியது. கொலை நடந்த கவுண்டியின் பெயரும் கொல்லப்பட்டவர்களின் பெயர்களும் அதில் இருக்கும். பெயர் கிடைக்காத இடத்தில் ‘பெயர் தெரியவில்லை’ என்றே பொறித்திருக்கிறார்கள். நுழையும்போது தூண்கள் நம் கண்மட்டத்தில் இருக்கும். நடக்க நடக்கத் தரை தாழும். கடைசியில் தூண்கள் தலைக்குமேல் தொங்கும்.

இதைவிட நமக்கு வேண்டியது வெளியே கிடக்கிறது. ஒவ்வொரு தூணுக்கும் ஒரு நகல் செய்து வெளியே படுக்க வைத்திருக்கிறார்கள். அந்தக் கவுண்டி மக்களே வந்து கேட்டு, எடுத்துப் போய்த் தம் ஊரில் நட வேண்டும் என்பது ஏற்பாடு. எடுக்காமல் கிடந்தால், எந்த ஊர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை என்பது வருகிறவர் கண்ணில் படும். நம் நினைவிடங்கள் இறந்தவரின் பெயரைச் சொல்கின்றன. அங்கே குற்றம் நடந்த ஊரும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் ஊர்களுக்கு அப்படி ஒரு தூண் வைப்பதாக இருந்தால் அதில் என்ன எழுதுவது? எங்கள் எண்ணம் இது: நிலத்திலிருந்து தொடங்க வேண்டும். அம்பத்தூரும் பூந்தமல்லியும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்து ஊர்கள். அந்த மாவட்டத்துப் பறையர்களைப் பற்றித்தான் அதிகாரி டிரெமன்ஹீர் 1891இல் அறிக்கை எழுதினார். தரிசு நிலம் கேட்டு நம் ஆட்கள் மனுப் போட்டால், அந்த நிலத்தில் முதல் உரிமை மிராசுதாருக்கு. குடியிருக்கும் மனைகூட மிராசுதாருடையது, அவர் நினைத்தால் வெளியேற்றலாம். நிலம் இல்லாததற்குக் காரணம் சோம்பல் அல்ல, விதிமுறை என்பதை அரசின் சொந்த அதிகாரியே எழுதி வைத்தார். 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலங்கள் பிறந்தது இப்படி. மாகாணம் முழுவதும் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்பது கணக்கு. முதல் பத்தாண்டு விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம் என்று நிபந்தனை. அந்த நிலத்தை மீட்கக் காரணையில் போராடியபோது 1994 அக்டோபர் 10 அன்று ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள்.

நம் பகுதியில் 1960களில் தொழிற்பேட்டை வந்தது, ராணுவத் தொழிற்சாலை வந்தது, பின்னால் வீட்டுமனைகள் வந்தன. அதற்கு முன் எந்த சர்வே எண் யார் பெயரில் இருந்தது? மாவட்டம் 1997இல் பிரிந்து திருவள்ளூர் ஆனது. 2018இல் அம்பத்தூர் சென்னை மாவட்டத்துக்குப் போனது. எல்லை மாறும்போதெல்லாம் பதிவேடுகள் ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்குப் பயணம் போகின்றன. பயணத்தில் எது தொலைந்தாலும் நம்முடையது முதலில் தொலையும்.

ஆகவே அடுத்த பயணத்துக்கு ஒரு நாளை இப்படி ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம், அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்து, பூங்கா நிலையத்தில் மாறினால் அடுத்தது எழும்பூர். காலையில் செத்த காலேஜ். மதியம் காந்தி இர்வின் சாலையில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். ஆய்வு அனுமதிக்குக் கல்லூரித் துறைத் தலைவரிடம் முன்கூட்டியே கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். செங்கல்பட்டு தொடர்பான பழைய வருவாய்த்துறை ஆணைகளைக் கேளுங்கள். ஊர் திரும்பியதும் கிராம நிர்வாக அலுவலரிடம் ‘ஏ’ பதிவேட்டைக் கேட்டு, குறிப்புக் கட்டத்தில் ‘டி.சி.’ என்றோ ‘பஞ்சமி’ என்றோ இருக்கிறதா என்று வரி வரியாகப் பாருங்கள். காட்ட மறுத்தால் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு எழுதுங்கள். சர்வே எண், பரப்பு, முதலில் பெற்றவர் பெயர், இப்போது யாரிடம் என்று நான்கு பத்திகளில் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பெயர் அழிந்துபோன வரியை விட்டுவிடாதீர்கள். அந்த இடத்தில் ‘பெயர் தெரியவில்லை’ என்று எழுதுங்கள்.