நிரல்வழித் தரவுத்தள இற்றைப்படுத்தல் தோல்வி

நிரல்வழித் தரவுத்தள இற்றைப்படுத்தல் தோல்வி என்பது, கட்டளைச் சாளரத்தில் தட்டச்சிடும்போது சரியாக இயங்கும் 'அப்டேட்' கூற்று, ஜாவா, பைத்தான், பிஎச்பி போன்ற மொழிகளில் எழுதிய நிரலிலிருந்து அனுப்பப்படும்போது பதிவுகளை மாற்றாது போவதைக் குறிக்கும். பிழைச்செய்தியுடன் நிற்கும் தோல்வி எளிதில் அகப்படும். செய்தி ஏதுமின்றி முடிவதே தொல்லை மிக்கது.

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையிலுள்ள ஆமத்தூர்ப் பகுதியில் ஒரு பட்டாசுக் கிடங்கின் இருப்புப் பட்டியலை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 2008 ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளின்படி, உரிமத்தில் குறித்த அளவுக்கு மேல் சரக்கு வைத்தல் ஆகாது. வரவு பதிவாகாவிடில் கணினி இருப்பைக் குறைத்துக் காட்டும். அதனை நம்பி மேலும் சரக்கு இறக்கப்படும்.

உறுதிப்படுத்தாமை

முதலில் ஐயுற வேண்டியது இதுவே. பைத்தானின் பொதுத் தரவுத்தள இடைமுக வரையறைப்படி, 'கமிட்' கட்டளை தராமல் இணைப்பை மூடினால் மாற்றங்கள் கைவிடப்படும். ஜாவாவின் ஜேடிபிசி இணைப்போ இயல்பில் ஒவ்வொரு கூற்றையும் தானே உறுதிசெய்துவிடும். ஆகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவோர் தடுமாறுவது வழக்கம்.

இதன் மறுபக்கமும் உண்டு. சோதனைக்காகக் கட்டளைச் சாளரத்தில் ஒரு பதிவை மாற்றி, உறுதிப்படுத்தாமல் விட்டுவைத்தால் அப்பதிவு பூட்டப்பட்டிருக்கும். நிரல் காத்து நிற்கும். மைஎஸ்கியூஎல் இன்னோடிபியில் இயல்பான காத்திருப்பு 50 நொடிகள். அதன்பின் 1205 எனும் பிழை எழும். குற்றம் நிரலில் அன்று, திறந்து கிடக்கும் சாளரத்தில்.

வேறு கோப்பு

விசுவல் ஸ்டுடியோ, திட்டத்தில் சேர்த்த தரவுத்தளக் கோப்பை வெளியீட்டுக் கோப்புறைக்குப் படியெடுக்கக்கூடும். நிரல் படியை மாற்ற, பயனர் மூலத்தைத் திறந்து பார்த்து ஏமாறுவார்.

நிபந்தனை பொருந்தாமை

ஆரக்கிளில் நிலைநீளப் புலத்தின் மதிப்பு இடைவெளிகளால் நிரப்பப்படும். மதிப்பைக் கூற்றிலேயே எழுதினால் பொருந்தும். ஜேடிபிசி வழி மாறியாக அனுப்பினால் பொருந்தாமல் போகலாம்.

தமிழ்த் தரவில் இச்சிக்கல் இன்னும் நுட்பமானது. 'அருப்புக்கோட்டை'யிலுள்ள 'கோ' யுனிகோடில் இரு வகையில் அமையும். ககரத்துடன் ஓகாரக் குறி சேர்ந்தால் யுடிஎஃப்-8 முறையில் 6 பைட்டுகள். ஏகாரக் குறியும் காலும் தனித்தனியே சேர்ந்தால் 9 பைட்டுகள். திரையில் வேறுபாடு தெரியாது. எஸ்கியூலைட், போஸ்ட்கிரெஸ் ஆகியன இயல்பில் இவற்றை வேறு சொற்களாகவே கருதும். பழைய எழுத்துருக் குறியாக்கத்திலிருந்து மாற்றிய தரவில் இரண்டாம் வடிவம் எஞ்சியிருக்கக்கூடும். சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் என்எஃப்சி இயல்வடிவத்துக்கு மாற்றுதல் இதற்குத் தீர்வாகும்.

நீளமும் கவனிக்கத்தக்கது. 'ஆமத்தூர்' என்பதில் நாம் எண்ணுவது 5 எழுத்துகள். யுனிகோடில் 8 குறிகள். யுடிஎஃப்-8 முறையில் 24 பைட்டுகள். பைட்டுக் கணக்கில் 20 என வரையறுத்த ஆரக்கிள் புலம் அதனை ஏற்காது. அந்தப் பிழையை நிரல் பிடித்து விழுங்கிவிட்டால் காரணம் புலப்படாது.

கண்டறிதல்

அதே நிபந்தனையை, அதே இணைப்பில், அதே மாறிகளுடன் முதலில் 'செலக்ட்' கூற்றாக இயக்குவது நலம். பதிவு கிடைக்காவிடில் பிழை நிபந்தனையிலோ இணைப்பிலோ உள்ளது. கிடைத்தால் பூட்டு, அனுமதி, உறுதிப்படுத்தல் ஆகியவற்றை ஆராயலாம். மாற்றப்பட்ட பதிவுகளின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். ஆயினும் மைஎஸ்கியூஎல்லைப் பிஎச்பி வழி அணுகும்போது, புதிய மதிப்பும் பழைய மதிப்பும் ஒன்றாயின் விடை இயல்பில் 0 எனவே வரும், அது தோல்வியன்று.