நூல் கொண்டு வந்தால் துணி!

மதுரை மேலமாசி வீதியில் ஒரு மாடி வீடு. 1921 செப்டம்பர் 22-ல் அங்கே தங்கியிருந்தபோதுதான் காந்திஜி மேலாடையைத் துறந்து அரைத் துண்டுக்கு மாறினார். பிற்காலத்தில் அந்த வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? துணிக்கடை! கதர்க் கடைதான், என்றாலும் வேடிக்கைதானே?

துணியைக் குறைத்துக்கொள் என்ற கொள்கையும் துணி வியாபாரமும் ஒரே கூரையின் கீழ் குடித்தனம் நடத்த முடியுமா? காந்திஜிக்கே இந்தச் சங்கடம் இருந்தது. 1925-ல் அவர் தொடங்கிய சர்க்கா சங்கம், 1940-களின் நடுவில் ஒரு விசித்திர விதியைக் கொண்டு வந்தது. கதர் வாங்குகிறவர் விலையில் ஒரு சிறு பங்கைக் கைநூலாகச் செலுத்த வேண்டும்! முணுமுணுப்பு எழாமல் இருக்குமா? எழுந்தது. காந்திஜியோ அந்த விதிக்குப் பரிந்து 'ஹரிஜ'னில் எழுதினார்.

நூற்றுப் பார்த்தவருக்குத்தான் துணியின் அருமை தெரியும். நாலு அடி வீதம் 640 சுற்று நூற்றால் ஒரு சிட்டம். ஏறக்குறைய 853 கெஜம். அங்குலத்துக்கு 36 இழையாக, 50 அங்குல அகலத்தில் 4 கெஜ வேட்டி நெய்யப் பாவும் ஊடையுமாகச் சுமார் 17 சிட்டம் வேண்டும். பாதிச் சிட்டத்திலேயே தோள் வலி கண்டவர், பீரோவில் பத்து வேட்டி அடுக்குவாரா?

சரி, கடைக்காரர் கதி? விற்காவிட்டால் தறி நிற்கும். தறி நின்றால் நெசவாளி வீட்டில் உலை ஏறாது. ஆகவேதான் காந்தி ஜயந்தித் தள்ளுபடி. கையில் காசு குறைந்தவர்களுக்கு அது நல்ல உதவி. ஏற்கனவே வீடு நிறையத் துணி வைத்திருப்பவர்களும் அன்றைக்குத்தான் முண்டியடிக்கிறார்கள் என்பது வேறு விஷயம்!

சின்னக் கைத்தறிக் கடை வைப்பவருக்கு, தள்ளுபடியைவிட நியாயமான கூலியும் அதற்கேற்ற விலையுமே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. நாலு மலிவுப் புடவை விற்கும் இடத்தில், நன்றாக உழைக்கும் ஒன்றை விற்கலாம். "யாருக்கு அம்மா, எதற்கு?" என்று கேட்டுவிட்டு அளக்கலாம். முதல் நனைப்பில் எவ்வளவு சுருங்கும் என்று முன்கூட்டியே சொன்னால், போதாமல் போய் மறுபடி வாங்க நேராது. மிஞ்சிய துண்டுகளைப் பை தைக்கக் கொடுக்கலாம். கிழிந்ததை இழையோட்டித் தர ஒரு தையற்காரரை வாசலிலேயே உட்கார வைத்தால் இன்னும் நல்லது. அவருக்கும் பிழைப்பு, பழைய வேட்டிக்கும் ஆயுசு.