கதவு திறந்தது, ஏணி எங்கே?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 1963-ல் நடந்த நேட்டால் ஓப்பன் கோல்ஃப் போட்டியில் வென்றவர் சியூசங்கர் சியூகோலம். 'பாப்வா' என்றால்தான் ஊருக்குத் தெரியும். இந்திய வம்சாவளி. வெள்ளையர்களின் கிளப் கட்டடத்துக்குள் அவர் காலெடுத்து வைக்க நிறவெறிச் சட்டம் இடம் தரவில்லை. பரிசளிக்கும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. தோற்றவர்கள் நனையாமல் உள்ளே இருந்தார்கள். வென்றவர் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கிக்கொண்டார். அந்தப் புகைப்படம் உலகம் முழுக்கப் போனது.

பாப்வா பள்ளிக்கூடத்தில் கற்றவரல்லர். டர்பனின் பீச்வுட் மைதானத்தில் ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைத் தூக்கும் 'கேடி'யாக இருந்து, பார்த்துப் பார்த்தே கோல்ஃப் பழகினார். வலக்கை ஆட்டக்காரர்கள் பொதுவாக இடக்கையை மேலே, வலக்கையைக் கீழே வைத்துப் பிடிப்பார்கள். அவர் பிடித்தது தலைகீழாக. திருத்த வாத்தியார் யாரும் இல்லை. அந்தப் பிடியோடு 1959, 1960, 1964 என மூன்று முறை டச்சு ஓப்பன் பட்டம் வென்றார். 1965 நேட்டால் ஓப்பனில் தென்னாப்பிரிக்காவின் நட்சத்திர ஆட்டக்காரர் கேரி பிளேயரையே முந்தினார். அதன்பின் தென்னாப்பிரிக்க அரசு அவரைப் போட்டிகளிலிருந்தே ஒதுக்கியது. 1978-ல் வறுமையில் இறந்தார்.

அவருடைய வாழ்க்கையில் கதவு சாத்தியிருந்தது. ஆனால் ஏழைப் பையன் ஏற, கேடி வேலை என்ற ஓர் ஏணி இருந்தது. அன்றைய கோல்ஃபையும் இன்றைய கோல்ஃபையும் அருகருகே வைத்துப் பார்த்தால் நிலைமை மாறித் தெரிகிறது. கதவு திறந்துவிட்டது. ஏணியைத்தான் காணோம்.

பின்வாசல் மனிதர்கள்

கதவு சாத்தியது நிறத்துக்காக மட்டுமல்ல. கோல்ஃபைத் தொழிலாகக் கொண்டவர் யாராக இருந்தாலும் பழைய கிளப்புகளின் கண்ணில் அவர் வேலைக்காரர். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 'ஓல்டு' டாம் மோரிஸ் மைதானத்தைப் பராமரித்தார், பந்து செய்தார், மட்டை செய்தார், கனவான்களோடு ஜோடி சேர்ந்தும் ஆடினார். உலகின் முதல் ஓப்பன் போட்டி 1860-ல் பிரெஸ்ட்விக்கில் நடந்தபோது ஆடியவர்கள் எட்டே பேர். வில்லி பார்க் வென்றார், மோரிஸ் இரண்டாவதாக வந்தார். வென்றவருக்குக் கிடைத்தது ஒரு பெல்ட், பணம் இல்லை.

தொழில்முறை ஆட்டக்காரரை வேலைக்காரராக நடத்தும் வழக்கத்தை அமெரிக்கரான வால்டர் ஹேகன் 1920-ல் கேலிக்கூத்தாக்கினார். இங்கிலாந்தின் டீல் நகரில் ஓப்பன் ஆட வந்தவரை, தொழில்முறை ஆட்டக்காரர் என்பதால் கிளப் கட்டடத்துக்குள் விடவில்லை. அவர் ஆடம்பரக் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்து, கிளப் வாசலிலேயே நிறுத்தி, அதற்குள் உடை மாற்றிக்கொண்டார். அதே ஆண்டு அமெரிக்காவின் இன்வர்னெஸ் கிளப், யுஎஸ் ஓப்பன் ஆட வந்த தொழில்முறை ஆட்டக்காரர்களுக்குத் தன் கட்டடத்தைத் திறந்துவிட்டது. அந்த மரியாதையை அவர்கள் மறக்கவில்லை. பின்னாளில் பணம் போட்டு, ஆளுயரக் கடிகாரம் ஒன்றைக் கிளப்புக்குப் பரிசளித்தார்கள். ஆனாலும் அமெரிக்க தொழில்முறை கோல்ஃபர் சங்கம், வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதியை 1961 வரை வைத்திருந்தது.

இந்தியாவுக்கு கோல்ஃப் வந்தது வெகு முன்னால். கொல்கத்தாவின் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829-ல் தொடங்கியது. பிரிட்டனுக்கு வெளியே இன்றும் இயங்கும் கோல்ஃப் கிளப்புகளில் மிகப் பழையது அதுதான். பெங்களூரில் 1876, கொடைக்கானலில் 1895 என்று வெள்ளைக்காரர்கள் போன இடமெல்லாம் மைதானம் போட்டார்கள். ஆடியவர்கள் துரைமார்கள், பிறகு நம்மூர் அதிகாரிகள், கம்பெனி முதலாளிகள். பை தூக்கியவர்களும் புல் வெட்டியவர்களும் பந்து பொறுக்கியவர்களும் பக்கத்துக் குடியிருப்புகளின் ஏழைகள்.

1964-ல் இந்தியன் ஓப்பன் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சன் வென்றார். மறு ஆண்டு பி.ஜி. சேத்தி வென்றார், அவர் தொழில்முறை ஆட்டக்காரர் அல்லர், அமெச்சூர். அடுத்த இந்திய வெற்றிக்கு 26 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1991-ல், லோதி காலக் கல்லறைகளுக்கும் மயில்களுக்கும் நடுவே அமைந்த டெல்லி கோல்ஃப் கிளப்பில் அலி ஷேர் பட்டம் வென்றார். அதே கிளப்பில் கேடியாக இருந்தவர். 1993-ல் மறுபடியும் வென்றார். இந்தியத் தொழில்முறை கோல்ஃபுக்கு ஒரு முகம் கிடைத்தது அன்றுதான். அந்த முகம் பை தூக்கியவருடையது.

பார்த்துப் பழகிய கை

கேடியின் கல்வி எப்படி நடந்தது? ஒரு நாள் முழுக்க ஒருவர் பின்னால் நடந்தால் நூறு அடிகளைப் பார்க்கலாம். எந்தக் காற்றுக்கு எந்த மட்டை, குழி இருக்கும் கிரீனில் எந்தப் பக்கம் சரிவு, பதற்றத்தில் ஆட்டக்காரர் என்ன தப்பு செய்கிறார் என்பதெல்லாம் கண் வழியாகவே உள்ளே போகும். கிளப் மூடியிருக்கும் நாளில், யாரோ கழித்துப்போட்ட மட்டையோடு தானே ஆடிப் பார்க்கலாம். விதி அனுமதிக்கும் பதினான்கு மட்டைகளும் இருக்காது. ஒரே மட்டையால் உயர்த்தவும் உருட்டவும் திருப்பவும் தெரிந்தாக வேண்டும். அதனால்தான் கேடிகளாக இருந்து வந்தவர்களின் பலம் பெரும்பாலும் கிரீனைச் சுற்றிய குறுகிய ஆட்டத்தில் இருந்தது.

எஸ்.எஸ்.பி. சௌராசியா நல்ல உதாரணம். அவருடைய அப்பா ராயல் கல்கத்தாவில் புல்தரை பராமரிக்கும் ஊழியர். மைதானத்தை ஒட்டியே வளர்ந்த பையனுக்கு முறையான பயிற்சி கிடைக்கவில்லை. ஆனால் கிரீன் ஓரத்திலிருந்து பந்தை மெல்லத் தூக்கி அடிக்கும் சிப்பிங்கிலும், குழியை நோக்கி உருட்டும் பட்டிங்கிலும் அவருக்கு வாய்த்த கையைப் பார்த்து சக ஆட்டக்காரர்கள் 'சிப்பட்சியா' என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். 2008-ல் டெல்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் வென்றார். 2016, 2017 இரண்டு ஆண்டும் இந்தியன் ஓப்பன் அவருக்கே.

சின்னசாமி முனியப்பா பெங்களூரின் கர்நாடக கோல்ஃப் சங்க மைதானத்தில் கேடியாக இருந்தவர். 2009 இந்தியன் ஓப்பனில் கொரிய ஆட்டக்காரரோடு சமநிலையில் முடிந்து, பிளே-ஆஃபில் வென்றார். 2013-ல் அதே கோப்பையை வென்ற வங்கதேசத்தின் சித்திக்குர் ரஹ்மான், டாக்காவின் குர்மிடோலா மைதானத்தில் பந்து பொறுக்கிய பையன். 2016 ரியோ ஒலிம்பிக்குக்கு நேரடியாகத் தகுதி பெற்ற முதல் வங்கதேசத்தவரும் அவரே.

2009, 2013, 2016, 2017: ஒரு கேடி, பந்து பொறுக்கிய ஒரு பையன், ஒரு மைதான ஊழியரின் மகன். சௌராசியாவுக்குப் பிறகு 2025 வரை எந்த இந்தியரும் இந்தியன் ஓப்பனை வெல்லவில்லை. போட்டியில் வெளிநாட்டவர் தரம் கூடியது ஒரு காரணம். 2024-ல் மொத்தப் பரிசு 22.5 லட்சம் டாலர். ஐரோப்பியத் தொழில்முறைச் சுற்றின் ஆட்டக்காரர்கள் வராமல் இருப்பார்களா? ஆனால் அது மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

வாத்தியாரின் கண், ரேடாரின் கண்

கற்பித்தலில் நடந்த மாற்றம் இன்னும் பெரிது. டெக்சாஸின் ஆஸ்டின் கன்ட்ரி கிளப்பில் ஹார்வி பெனிக் எட்டு வயதில் கேடியாகச் சேர்ந்து, அங்கேயே வாத்தியாரானவர். மாணவர்களிடம் கண்டதைச் சிவப்பு நோட்டுப் புத்தகம் ஒன்றில் பல பத்தாண்டுகள் எழுதி, மகனைத் தவிர யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தார். வயது எண்பதைக் கடந்தபின் 1992-ல் அது அச்சில் வந்து, விளையாட்டு நூல்களில் மிக அதிகம் விற்றவற்றுள் ஒன்றானது. 1995-ல் அவர் இறந்தபோது மாணவர் பென் கிரென்ஷா சவப்பெட்டியைச் சுமந்தார். அந்த வார இறுதியிலேயே அமெரிக்காவின் மாஸ்டர்ஸ் பட்டம் வென்றார். பெனிக்கின் முறை எளியது: பார்ப்பது, குறைவாகப் பேசுவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திருத்துவது.

2003-ல் டென்மார்க்கில் தொடங்கிய டிராக்மேன் நிறுவனத்திடமிருந்து ஒரு ரேடார் கருவி வந்தது. ராணுவத்தில் எறிகணையைத் தொடரப் பயன்படும் அதே டாப்ளர் நுட்பம், இங்கே பந்தைத் தொடர்ந்தது. அது சொன்ன முதல் செய்தியே வாத்தியார்களுக்குச் சங்கடம். மட்டை வீசி வரும் பாதையில்தான் பந்து கிளம்பும், பிறகு மட்டையின் முகம் பார்க்கும் பக்கம் வளையும் என்று பல தலைமுறைகளாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அளந்து பார்த்தால், பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முடிவு செய்வது மட்டையின் முகம். முகத்துக்கும் பாதைக்கும் இடையிலான வேறுபாடுதான் பந்தை வளைக்கிறது. விளக்கம் தப்பாக இருந்தும் அந்த வாத்தியார்கள் சாம்பியன்களை உருவாக்கினார்கள் என்பதுதான் ஆச்சரியம். பந்து போன விதத்தைக் கண் சரியாகவே பார்த்திருக்கிறது. வாய் சொன்ன காரணம்தான் பிழை.

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி இன்னொரு நம்பிக்கையை உடைத்தார். பட்டிங்தான் பணம் சம்பாதித்துத் தரும் என்பது கோல்ஃப் உலகின் பழைய வேதவாக்கு. லட்சக்கணக்கான அடிகளின் பதிவை வைத்து அவர் கணக்கிட்டதில், முன்னணி ஆட்டக்காரரைச் சாதாரண ஆட்டக்காரரிடமிருந்து பிரிப்பது பெரும்பாலும் நீண்ட அடிகளே என்று தெரிந்தது. ஒவ்வோர் அடியும் சராசரியோடு ஒப்பிட எவ்வளவு லாபம் தந்தது என்று அளக்க அவர் வகுத்த 'ஸ்ட்ரோக்ஸ் கெய்ன்டு' கணக்கை, அமெரிக்கத் தொழில்முறைச் சுற்றான பிஜிஏ டூர் 2011-ல் பட்டிங்குக்கு ஏற்று, பின்னர் மற்ற அடிகளுக்கும் விரித்தது.

இயந்திரம் மனிதக் கலையைக் கொன்றுவிட்டது என்ற புலம்பலில் எனக்கு உடன்பாடில்லை. மட்டையை எப்படிப் பிடித்தாய், எப்படி வளைத்தாய் என்று ரேடார் கேட்பதில்லை. பந்தைத் தொட்ட கணத்தில் மட்டை என்ன செய்தது என்பதை மட்டுமே கேட்கிறது. பழைய பாடப்புத்தகம் பாப்வாவின் பிடியைக் கண்டதும் அடித்துத் திருத்தச் சொல்லியிருக்கும். ரேடாரோ எண்கள் சரியாக இருந்தால் அவரை அப்படியே விட்டிருக்கும்.

சிக்கல் அந்தக் கருவியின் விலையில் இருக்கிறது. நல்ல ரேடார் ஒன்று பல லட்சம் ரூபாய். அது உள்ள அகாடமியின் கட்டணம் தனி. உடற்பயிற்சி நிபுணர், வெளியூர் அமெச்சூர் போட்டிகள், பயணம் எல்லாம் அதற்கு மேல். பந்தும் மட்டையும் மாறியதன் செலவும் சேர்ந்துகொண்டது. பெர்சிமன் மரத் தலை போய் உலோகத் தலை வந்தது. 2000-க்குப் பின் புதுவகைப் பந்து வந்தது. பிஜிஏ டூரில் 1980-ல் டிரைவ் எனப்படும் முதல் நீண்ட அடியின் சராசரி சுமார் 257 கெஜம். இப்போது ஏறத்தாழ 300. பந்து தூரம் போகப் போக மைதானமும் நீள வேண்டும். நிலம், தண்ணீர், செலவு மூன்றும் கூடும். இதைக் கட்டுப்படுத்தத்தான் பந்தின் தூரத்தைக் குறைக்கும் முடிவை உலக கோல்ஃப் அமைப்புகள் 2023 டிசம்பரில் அறிவித்தன. நீண்ட அடிக்கு மதிப்பு கூடிய காலத்தில், கழித்துப்போட்ட ஒற்றை மட்டையால் கிரீன் ஓரத்தில் பழகிய பையன் எந்த இடத்தில் நிற்கிறான் என்பதை யோசித்துப் பாருங்கள்.

பையைத் தூக்கும் அம்மா

இன்றைய இந்திய கோல்ஃபின் பெருமைகள் குறைந்தவை அல்ல. ஜீவ் மில்கா சிங் அமெரிக்கக் கல்லூரியில் ஆடி வளர்ந்து, ஐரோப்பியச் சுற்றில் நான்கு பட்டங்கள் வென்றார். அர்ஜுன் அட்வால் 2010-ல் விண்டம் போட்டியில், திங்கட்கிழமைத் தகுதிச் சுற்றின் வழியாக நுழைந்து, பிஜிஏ டூரில் வென்ற முதல் இந்தியரானார். அனிர்பன் லாஹிரி 2022 பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பில் இரண்டாமிடம் பெற்று 21.8 லட்சம் டாலர் ஈட்டினார்.

பெங்களூரின் அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தார். அந்த ஒரு வாரம், கோல்ஃபை எட்டிப் பார்க்காத குடும்பங்கள்கூட விடியற்காலையில் டிவி முன் உட்கார்ந்தன. ரியோவில் அவருக்கு அப்பா பை தூக்கினார்; டோக்கியோவில் அம்மா. ஒரு காலத்தில் ஏழையின் கூலி வேலையாக இருந்த இடத்தில் இன்று பெற்றோர் விரும்பி நிற்கிறார்கள். தொழில்முறை கோல்ஃபின் கௌரவம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் இவர்களின் பின்னணியையும் பாருங்கள். ஜீவ் ஓட்டப்பந்தய வீரர் மில்கா சிங்கின் மகன். லாஹிரி ராணுவ மருத்துவரின் மகன். இன்னொரு தொழில்முறை ஆட்டக்காரரான சுபங்கர் சர்மா ராணுவ அதிகாரியின் மகன். இவர்கள் உழைப்பில் குறையொன்றும் இல்லை. உழைக்க மைதானம் கிடைத்தது என்பதுதான் செய்தி.

ஏணியை மறுபடி சாத்தலாம்

ஏணி தானாக வராது, யாராவது சாத்த வேண்டும். அது முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. பெங்களூரை அடுத்த பிடதி அருகே ஈகிள்டன் மைதானத்தில் பந்து பொறுக்கிக்கொண்டிருந்த கிராமத்துப் பையன் சிக்கரங்கப்பாவின் கையைப் பார்த்து, பயிற்சியாளர் விஜய் திவேச்சா தன் மாணவனாக்கிக்கொண்டார். அதே திவேச்சாதான் லாஹிரிக்கும் வாத்தியார். ராணுவ மருத்துவரின் மகனும் கிராமத்துப் பையனும் ஒரே ஆசானிடம், ஒரே புல்தரையில் பயின்றார்கள். இருவரும் ஆசியச் சுற்றுக்குப் போனார்கள்.

முன்பு கேடிகளுக்குக் கிடைத்தது உரிமையல்ல. மூடிய நாளில் கண்டுகொள்ளாமல் விட்ட சலுகை. அந்தக் காலத்தை அப்படியே திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. அதில் அவமானமும் கலந்திருந்தது. இன்றைய கருவியையும் அன்றைய வாய்ப்பையும் சேர்த்துத் தரலாம் என்கிறேன். கொல்கத்தாவோ பெங்களூரோ கொடைக்கானலோ, மைதானம் வைத்திருக்கும் கிளப்புகளுக்குக் கேட்பது மூன்றுதான்: மூடியிருக்கும் நாளைக் கேடிகளுக்கும் ஊழியர்களின் பிள்ளைகளுக்கும் எழுத்துப்பூர்வமாக ஒதுக்குங்கள். பயிற்சியாளரின் நேரத்தில் வாரம் ஒரு மணியை அவர்களுக்குக் கொடுங்கள். உறுப்பினர்கள் மாற்றும் பழைய மட்டைகளை அலமாரியில் பூட்டாமல் அந்தப் பிள்ளைகளிடம் சேருங்கள். இதற்குப் புது நிதி வேண்டாம். நிர்வாகக் குழுவின் ஒரு தீர்மானம் போதும்.