தோட்டத்துக்கு ஒரு பொதுக்கட்டடம்

பதுளை நகரைவிட்டு நமுனுகுலை மலைப்பக்கமாக ஏறிச்செல்லும் வீதியிலே ஸ்பிரிங்வெளித் தோட்டம் இருக்கின்றது. கோப்பிக் காலத்திலே திறக்கப்பட்டுப் பின்னர் தேயிலைக்கு மாறிய பழைய தோட்டங்களுள் அதுவும் ஒன்று. ஊவாத் தேயிலையின் மணத்தை உலகம் அறியும். ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் வறண்ட காற்றே அம்மணத்துக்குக் காரணம் என்பதைத் தேயிலை வணிகர் அறிவர். ஆனால், அக்காற்று ஓய்ந்து ஐப்பசி மழை தொடங்கிய பின் ஒரு லயத்திலே ஒருவர் இறந்துபோனால், துக்கம் விசாரிக்க வருவோர் எங்கே அமர்வர் என்ற கேள்வி எந்த வணிகருடைய கணக்கிலும் வருவதில்லை. காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. இஸ்தோப்பிலே நாலு பேர் நின்றால் ஐந்தாமவருக்கு இடமில்லை. வாசலிலே தறப்பாள் கட்டி, அதன்மேல் தேங்கும் நீரைக் கோலால் தள்ளிக்கொண்டே இரவைக் கழிப்பார்கள். கலியாண வீட்டுக்கும் அதே தறப்பாள்தான்.

வடபகுதிக் கிராமங்களை அறிந்த நேயர்களுக்கு இது சற்று வியப்பாக இருக்கலாம். அங்கே பெரும்பாலான ஊர்களில் ஒரு சனசமூக நிலையம் உண்டு. இரண்டு வாங்கு, ஒரு மேசை, அன்றைய பத்திரிகைகள், சுவரிலே ஒரு தலைவரின் படம், இவ்வளவே அதன் ஆரம்பச் செல்வம். ஊரவர் பதிவுசெய்த சங்கம் அதனை நடத்தும்; உள்ளூராட்சி மன்றம் சிறு உதவி வழங்கும். வீட்டுக்கு வீடு வானொலிப் பெட்டி இல்லாத நாட்களிலே, மாலைச் செய்தியைக் கேட்க மக்கள் கூடியதும் இத்தகைய நிலையங்களிலேதான். இந்நிலையங்கள் கிராமங்களிலே பெருகிய காலத்தில், மலைநாட்டுத் தோட்டங்களில் ஏன் தோன்றவில்லை? தோட்டத்து மக்களுக்கு வாசிப்பிலே விருப்பமில்லை என்று சிலர் விடை சொல்வதுண்டு. அது சோம்பேறித்தனமான விடை. உண்மையான காரணம் நிலத்திலும் சட்டத்திலும் இருக்கின்றது.

கிராமத்துக்குக் கிராமசபை இருந்தது. தோட்டத்துக்குத் துரை இருந்தார். பிரட்டுக்களம், மருந்துக் காம்பரா, பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைமடுவம், தண்ணீர் விழும் பீலி ஆகிய யாவும் தோட்ட நிருவாகத்தின் உடைமைகள். 1930களின் பிற்பகுதியில் கிராமசபைச் சட்டத்தைத் திருத்தியபோது, தோட்டங்களில் வாழும் தொழிலாளர் கிராமசபைத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தோடு நாட்டுரிமையும் பெரும்பாலோருக்கு இல்லாது போயிற்று. அரசாங்கத்தின் பொதுப்பணம் ஓர் ஊருக்கு வந்துசேர வேண்டுமாயின், அந்த ஊர் ஓர் ஊர் என்று ஏட்டிலே எழுதப்பட்டிருக்க வேண்டும். தோட்டமோ ஏட்டிலே ஒரு தொழிற்றலம். அங்கே குடியிருப்போர் தொழிலாளரேயன்றி ஊரவர் அல்லர். தோட்டத்திலே மக்கள் தமதென்று சொல்லத்தக்க பொதுக்கட்டடம் பெரும்பாலும் கோயில் ஒன்றுதான். அதுவும் தம் சம்பளத்திலிருந்து பிடித்துக் கொடுத்த காசிலே எழுந்தது.

அரசின் செங்கல் தோட்டத்துக்குள் முதன்முதலாகக் குறிப்பிடத்தக்க அளவில் நுழைந்தது பாடசாலை வழியாக என்று சொல்லலாம். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1970களின் பிற்பகுதியிலிருந்து தோட்டப் பாடசாலைகள் படிப்படியாகக் கல்வியமைச்சின் பொறுப்புக்கு வந்தன. அதுவரை பல தோட்டங்களிலே பாடசாலை என்பது சுவர்த்தடுப்பில்லாத ஒரே மண்டபம், ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள் என்ற அளவிலேதான் இருந்தது. ஒரு மூலையிலே வாய்பாடு, மறுமூலையிலே ஆத்திசூடி. இரண்டும் கூரையிலே மோதி ஒன்றாகத் திரும்பிவரும். 1980களில் சுவீடன் நாட்டின் உதவியுடன் தோட்டப் பாடசாலைகளுக்கான அபிவிருத்தித் திட்டம் தொடங்கியது. புதிய கட்டடங்கள் எழுந்தன. தோட்டத்து இளைஞரே ஆசிரியராகச் சேர்க்கப்பட்டுப் பயிற்சி பெற்றனர். அக்கட்டடங்கள் பகலிலே பாடசாலையாகவும், தேர்தல் நாளிலே வாக்குச்சாவடியாகவும், வெள்ளமோ மண்சரிவோ வந்தால் அகதிமுகாமாகவும் பயன்படலாயின. வேறு பொதுக்கட்டடம் இல்லாதவிடத்து ஒரு கட்டடமே எல்லாவற்றையும் சுமக்கவேண்டியிருந்தது.

இனி, உள்ளூராட்சிக்கு வருவோம். இங்கேதான் சிக்கலின் முடிச்சு இருக்கின்றது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், கிராமத்து மக்களுக்குச் சாலை, கிணறு, சந்தை, மண்டபம், நூலகம் முதலியன அமைக்கும் பொறுப்பைப் பிரதேச சபைகளிடம் கொடுத்தது. 1991ஆம் ஆண்டிலே முதன்முறையாக அச்சபைகளுக்குத் தேர்தல் நடந்தது. அதற்குள் தோட்டத்து மக்களிற் பலர் பிரசாவுரிமை பெற்றிருந்தனர். எஞ்சியோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்தது. ஆகவே அவர்கள் சபைக்கு வாக்களித்தார்கள். தம்மவரை உறுப்பினராகவும் அனுப்பினார்கள். ஆனால் அச்சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குள்ளே சபைநிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. உறுப்பினர் சபைக்குப் போகலாம். சபையின் பணம் அவர் வீட்டுவாசலுக்கு வரலாகாது! தோட்டங்களின் பயிர்நிலத்துக்குச் சபை ஏக்கர்வரி அறவிடலாம் என்பதையும் சேர்த்து நினைத்தால், இந்த ஏற்பாட்டின் விசித்திரம் விளங்கும். ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இந்நிலை நீடித்தது.

அக்காலத்திலே தோட்டங்களில் எழுந்த பொதுக்கட்டடங்களுக்குப் பணம் பக்கவழிகளாலேயே வந்தது. 1974ஆம் ஆண்டிலே தொடங்கிய பன்முகப்படுத்தப்பட்ட வரவுசெலவு நிதி அவற்றுள் ஒன்று. பாராளுமன்ற உறுப்பினர் தம் பகுதியிலே சிறு பணிகளுக்கு ஒதுக்கும் பணம் அது. படிக்கட்டு, கொங்கிறீற்றுப் பாதை, வாசிகசாலை, கோயில் மண்டபம் என்று பல இதனால் அமைந்தன. உறுப்பினருடைய விருப்பத்திலே தங்கியிருக்கும் பணம் அவர் போனபின் தொடராது என்பது அதன் குறை. திறப்புவிழாக் கல்லின் அளவு கட்டடத்தின் அளவுக்கு நிகராக இருப்பதையும் சில இடங்களிலே காணலாம். மற்றொரு வழி, 1992ஆம் ஆண்டிலே தோட்டங்களைத் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைத்தபோது அமைக்கப்பட்டதும், இப்போது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப் பெயர்பெற்றிருப்பதுமான நிறுவனம். அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் அதிலே உண்டு. வீடமைப்பு, குடிநீர், மலசலகூடம், சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்பன அதன் பணிகள். பழைய பிள்ளைமடுவங்கள் பல உலக வங்கியின் உதவியோடு சிறுவர் நிலையங்களாகப் புதுப்பிக்கப்பட்டன. தொட்டிலிலே சேலையைக் கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு மலைக்குப் போன தாய், இன்று சன்னலும் சமையலறையும் உள்ள கட்டடத்திலே பிள்ளையை விட்டுச்செல்கிறாள் என்றால், அது சிறிய மாற்றமன்று.

2018ஆம் ஆண்டிலே பாராளுமன்றம் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தியது. அத்தோடு மலையகப் புதிய கிராமங்களுக்கென ஓர் அதிகாரசபையையும் நிறுவியது. அதன்பின், தோட்டக் குடியிருப்புகளுக்குப் பாதையும் கிணறும் பொதுவசதியும் அமைக்கப் பிரதேச சபை தன் நிதியைச் செலவிடலாம் என்றாயிற்று. 'செலவிடலாம்' என்ற சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டும். செலவிட்டேயாக வேண்டும் என்பது அதன் பொருள் அன்று. இந்த இடத்திலே வேறொரு நாட்டின் ஏற்பாட்டை ஒப்புநோக்குவது பயன்தரும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், 1974ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி, நகரங்களுக்கும் மாவட்டங்களுக்கும் சமுதாய அபிவிருத்திக்கென மத்திய அரசு தொகுதிக்கொடை வழங்குகிறது. சமுதாய மண்டபம், முதியோர் நிலையம், குழாய்நீர், நடைபாதை முதலியவற்றுள் எதைக் கட்டுவது என்பதை அந்தந்த ஊரே தீர்மானிக்கும். ஆனால் தொகையில் நூற்றுக்கு எழுபது பங்கேனும் குறைந்த வருமானமும் நடுத்தர வருமானமும் உடையோருக்குப் பயன்பட வேண்டும். பொதுமக்கள் கூட்டம் கூட்டி அவர்களது கருத்தைக் கேட்கவும் வேண்டும். யாருக்காகப் பணம் என்பதை அங்கே சட்டமே சொல்லிவிடுகிறது. இங்கே அதனைச் சபையிலுள்ள உறுப்பினரின் குரல்தான் சொல்ல வேண்டியிருக்கின்றது. அக்குரலும் 2023 மார்ச்சிலே சபைகள் கலைந்தபின், 2025 மே மாதத் தேர்தல்வரை எழ வழியில்லாதிருந்தது.

சட்டம் வழிவிட்ட பின்னும், ஒரு தோட்டத்திலே மண்டபம் எழுவது எவ்வாறு என்று பார்ப்போம். முதலிலே ஒரு சங்கம் வேண்டும். கிராம அபிவிருத்திச் சங்கமாகவோ சனசமூக நிலையமாகவோ அது பதிவுபெற்றிருக்க வேண்டும். பொதுக்கூட்டம் கூடி, தீர்மானம் எழுதி, வந்தவர் கையொப்பமிட்ட கூட்டக்குறிப்பு வேண்டும். விண்ணப்பம் பிரதேச சபைக்கோ பிரதேச செயலாளருக்கோ போகும். அதனைத் தமிழிலேயே எழுதலாம். அரசியலமைப்பு அவ்வுரிமையைத் தந்திருக்கின்றது. பலர் இதனை அறியாது, சிங்களம் எழுதத்தெரிந்த ஒருவரைத் தேடி மாதக்கணக்கில் அலைகிறார்கள். பின்னர் தொழினுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்து மதிப்பீடு தயாரிப்பார். சிறிய வேலையாயின் பெரும் ஒப்பந்தக்காரரைத் தேடாமல் சங்கத்திடமே அதனை ஒப்படைக்கலாம். கல்லும் மணலும் அரசின் பணத்திலே வரும். மக்கள் சிரமதானமாக அத்திவாரம் வெட்டுவர். வேலை முடிந்த அளவுக்குப் பணம் பகுதிபகுதியாக விடுவிக்கப்படும்.

இவற்றுக்கு இடையிலே ஒரு கடிதம் வேண்டும். அதுவே எல்லாவற்றையும் நிறுத்திவைக்கும் கடிதம். கட்டடம் எழவிருக்கும் நிலம் அரசினுடையது. ஆனால் கம்பனிகள் அதனை 2045ஆம் ஆண்டுவரை குத்தகைக்கு எடுத்திருக்கின்றன. ஆகவே பத்துப் பேர்ச் நிலமாயினும், அதனை விட்டுக்கொடுப்பதற்குத் தோட்ட முகாமையாளர் கொழும்பிலுள்ள தலைமையகத்தைக் கேட்க வேண்டும். அங்கிருந்து வேறு திணைக்களங்களுக்கும் கோப்பு போகும். முகாமையாளர் கெட்டவர் என்பதன்று. தேயிலைச் செடி நிற்கும் நிலத்தைக் கொடுத்தால் அவருடைய விளைச்சற் கணக்கு குறையும். செடியில்லாத நிலத்தையே கொடுக்க அவர் விரும்புவார். செடியில்லாத நிலமோ பெரும்பாலும் பாறைச்சரிவு அல்லது பீலியோரச் சதுப்பு.

அரசாங்கத்தின் நிதியாண்டு டிசம்பர் 31ஆம் நாளுடன் முடிகிறது. அதற்குள் செலவாகாத பணம் திறைசேரிக்குத் திரும்பிவிடும். ஒதுக்கீடு ஆண்டின் நடுப்பகுதியிலே வந்தது என்று வைத்துக்கொள்வோம். நிலக்கடிதம் புரட்டாசியிலே கிடைத்தால் அது நல்லூழ். ஐப்பசியிலே ஊவாவுக்கு வாடைக்காற்று மழை தொடங்கும். மணல் ஏற்றிய லொறி தோட்டப்பாதையிலே புதையும். அத்திவாரக் குழியிலே நீர் நிற்கும். கார்த்திகை போய் மார்கழி வரும், பணம் போய்விடும். மறு ஆண்டு அதே மண்டபத்துக்கு அதே விண்ணப்பம் புதிய திகதியோடு எழுதப்படும். ஊவாவின் மழையை அறிந்த ஒருவர் இந்த நாட்காட்டியை வகுத்திருக்கமாட்டார். விவரம் அறிந்த சங்கங்கள், ஒதுக்கீட்டுக்குக் காத்திராமல் முதலாண்டிலேயே நிலக்கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்கின்றன. தை, மாசியிலே மதிப்பீட்டையும் தயாராக வைத்திருப்பவருக்கு அந்த ஆண்டிலே மண்டபம் எழ வாய்ப்புண்டு.

நிலத்தைத் தெரிவதிலே இன்னொரு கவலையும் இருக்கின்றது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையிலே, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைப் பகுதியிலுள்ள மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பிழைத்தவர்கள் முதலிலே பாடசாலைகளிலும், பின்னர் மாக்கல்தெனியாவிலுள்ள தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்திலும் தங்கவேண்டியதாயிற்று. 2016ஆம் ஆண்டிலே அவர்களுக்கு 75 வீடுகள் கையளிக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்திலே, ஒரு குடும்பத்துக்கும் மறு குடும்பத்துக்கும் நடுவிலே தடுப்பொன்றை மாத்திரம் வைத்து, தொழிற்சாலைத் தளத்திலே பிள்ளைகள் படித்தனர், பெண்கள் சமைத்தனர். அன்று முதல் இம்மாவட்டத்திலே பொதுமண்டபம் என்பது கூட்டத்துக்கும் கலியாணத்துக்கும் உரியது மாத்திரமன்று என்பது தெளிவாயிற்று. அது சரியாத நிலத்திலே, சமையலறையும் மலசலகூடமும் தண்ணீர்த் தாங்கியும் உடையதாய் நிற்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைக் கேட்பது வீண் அலைச்சல் என்று சங்கத்தார் சலித்துக்கொள்வதுண்டு. அச்சலிப்பு நியாயமற்றது.

கட்டி முடித்தபின் திறப்பு யார் கையிலே இருக்கும் என்பது அடுத்த வினா. கொடைப்பணம் கட்டுவதற்கு உண்டு; மின்கட்டணத்துக்கும் கூரைத்தகட்டுக்கும் கூட்டுமாறுக்கும் இல்லை. சில மண்டபங்களின் திறப்பு ஒரு தொழிற்சங்கத் தலைவரின் வீட்டிலே தொங்கும். மறு சங்கத்தார் வீட்டுக் கலியாணம் அம்மண்டபத்திலே நடவாது. இதற்குப் பெரிய தத்துவம் எதுவும் தேவையில்லை. சிறு கட்டணமொன்றை விதித்து, எவருக்கும் வரிசைப்படி கொடுத்து, வரவுசெலவைச் சுவரிலே ஒட்டினால் போதுமானது. அதனினும் முக்கியமானது, மண்டபத்தைப் பிரதேச சபையின் சொத்துப் பதிவேட்டிலே ஏற்றுவித்தல். பதிவேட்டிலே ஏறிய மண்டபத்துக்குத் தகடு கழன்றால், சபையின் மாதக் கூட்டத்திலே உறுப்பினர் எழுந்து திருத்தப் பணம் கேட்கலாம். ஏறாத மண்டபத்துக்கு அவர் கேட்டால், அப்படியொரு கட்டடம் இப்பிரதேசத்திலே இல்லை என்று எழுதுவினைஞர் ஏட்டைப் புரட்டிக் காட்டிவிடுவார்.