மோட்டார் வண்டியின் அதிர்வடக்கியும் அதன் ஆணிகளும்

ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்த பின்னர்த் தாம்பரத்தினின்று முடிச்சூருக்கோ வேளச்சேரிக்கோ மோட்டார் வண்டியிற் செல்வோர், சாலையின் குழிகளை எண்ணிக்கொண்டே செல்லும் நிலையினர் ஆகின்றனர். சில நாட்களில் வண்டியின் முன்பக்கத்தே 'கடகட' என்னும் ஓசை எழுகின்றது. உடனே சாலையைப் பழிக்கின்றோம். சில திங்களுக்கு முன்னர் மாற்றிய உறுப்பே மீண்டும் கெட்டதெனின், அதனைச் செய்த ஆலையைப் பழிக்கின்றோம். சாலையினிடத்தும் ஆலையினிடத்தும் குற்றம் இருத்தல் கூடும். ஆயினும் பல வேளைகளில் அக்குற்றம், பழுது பார்த்த நாளிலேயே, ஓர் ஆணி முடுக்கப்பட்ட நிலையிற் பிறந்துவிடுகின்றது. அஃது எங்ஙனம் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

'ஷாக் அப்ஸார்பர்' என வழங்கும் கருவியை ஈண்டு அதிர்வடக்கி என்போம். வண்டியின் பாரத்தைத் தாங்குவது இக்கருவி என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று, பாரத்தைத் தாங்குவது வில். சக்கரம் மேட்டில் ஏறுங்கால் வில் சுருங்குகின்றது. ஆனால், தான் பெற்ற ஆற்றலை உடனே திருப்பித் தந்துவிடுகின்றது. வில் மட்டும் இருப்பின், ஒருமுறை தள்ளிவிட்ட ஊஞ்சல்போல வண்டி நெடுநேரம் ஆடிக்கொண்டே செல்லும். அவ்வாட்டத்தை அடக்குவதே அதிர்வடக்கியின் தொழில். எண்ணெய் நிரம்பிய ஒரு குழலும், அதனுள் ஏறி இறங்கும் ஒரு பிஸ்டனும், பிஸ்டனிற் சிறு துளைகளும் வால்வுகளும் அதன் உறுப்புகள். எண்ணெய் அத்துளைகளின் வழியே நெருக்குண்டு பாயுங்கால், அசைவின் ஆற்றல் வெப்பமாக மாறிக் காற்றிற் கலந்துவிடுகின்றது.

வண்டியின் மேற்பகுதி இயல்பாக வினாடிக்கு 1 அல்லது 2 முறை ஆடும். சக்கரமோ வினாடிக்கு 10 முதல் 15 முறை வரை துடிக்கும். அதிர்வடக்கி தேய்ந்துபோயின் அத்துடிப்பில் டயர் சாலையை விட்டு நொடிதோறும் எழும்புகின்றது. சாலையைத் தொடாத டயரைப் பிரேக்கு எங்ஙனம் நிறுத்தும்? ஆதலின் இக்கருவி சொகுசின் பொருட்டு மட்டும் அமைந்ததன்று, உயிரைக் காப்பதுமாகும்.

இத்தகைய அமைப்புகள் நம் ஊர்ப்பக்கத்திற்குப் புதியன அல்ல. தாம்பரத்திற்குத் தெற்கே வண்டலூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தார் 1961-ஆம் ஆண்டு முதல் 'ஹெரால்டு' என்னும் காரைச் செய்து வந்தனர். அதன் முன்சக்கரங்கள் ஒவ்வொன்றும் மேலும் கீழுமாக இரண்டு கைகளாற் பிணிக்கப்பட்டுத் தனித்தனியே ஏறி இறங்கின. அதற்கும் தெற்கே, நம் கல்லூரியில் ஒருகாலத்துத் தமிழாசிரியராய் விளங்கிய மறைமலையடிகளின் பெயரைத் தாங்கிய மறைமலைநகரில், ஃபோர்டு நிறுவனத்தார் 2022-ஆம் ஆண்டு வரை கார்களைச் செய்தனர். அவற்றுட் பலவற்றின் முன்பக்கத்தில் இருந்தது 'மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்' என்னும் அமைப்பு. சுருள்வில்லும் அதிர்வடக்கியும் ஒரே தூணாய் இணைந்தது அது. இக்காலத்துச் சிறு கார்கள் பெரும்பாலும் இம்முறையினவே.

அதிர்வடக்கி கெட்டதென்பதை அறியும் குறிகள் சில உள. குழலின்மேல் எண்ணெய் வழிந்திருத்தல், டயர் இடையிடையே குழிந்து தேய்தல், பிரேக்கு அழுத்துங்கால் வண்டியின் மூக்கு மிகத் தாழ்தல் என்பன அவை. வண்டியின் ஒரு மூலையை அழுத்திவிட்டுப் பார்ப்பதும் வழக்கம். ஆனால், முற்றும் கெட்டதனையே அச்சோதனை காட்டும்; பாதி கெட்டது அதற்கு அகப்படாது.

மாற்றுங்கால் ஓர் அச்சின் இரு பக்கங்களிலும் ஒருங்கே மாற்றுதல் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின்கீழ் எவரும் நுழையலாகாது; உறுதியான ஸ்டாண்டுகளை உரிய இடத்தில் நிறுத்திய பின்னரே கைவைத்தல் வேண்டும். பின்பக்கத்து அதிர்வடக்கியைக் கழற்றுமுன், சக்கரத்தைத் தாங்கும் கைக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். இன்றேல் அது சரேலென இறங்கிப் பிரேக்குக் குழாயை இழுத்துவிடும். ஸ்ட்ரட்டின் உச்சியில் உள்ள நடு நட்டை, சுருள்வில்லை அதற்குரிய கருவியால் அமுக்காமல் ஒருநாளும் கழற்றலாகாது. அமுங்கிய வில்லில் அடங்கியிருக்கும் விசை விடுபட்டால் ஆளைக் கொல்லவும் வல்லது. பிஸ்டன் தண்டைக் குறட்டாற் பற்றுவதும் தகாது. அதன் மெருகிற் கீறல் விழுமாயின், அக்கீறல் எண்ணெய் அடைப்பை அறுத்துவிடும்.

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலையான செய்திக்கு வருவோம். சக்கரத்தைத் தாங்கும் கையும் அதிர்வடக்கியின் அடிக்கண்ணும் ரப்பர் புஷ்ஷின் வழியே பொருத்தப்படுகின்றன. புஷ்ஷின் நடுவே ஓர் இரும்புக் குழல். அதனைச் சுற்றி ரப்பர். போல்ட்டை இறுக்கியவுடன் அவ்விரும்புக் குழல் அசையாது பற்றப்படுகின்றது. பின்னர்க் கை ஏறி இறங்குவது, ரப்பர் தன்னுள் முறுக்குண்பதனாலேயே நிகழ்கின்றது. ஆகவே, எந்நிலையில் இறுக்குகின்றோமோ அந்நிலையே ரப்பருக்கு ஓய்வுநிலை.

வண்டி தூக்கப்பட்டிருக்குங்கால் சக்கரம் கீழே தொங்குகின்றது. அந்நிலையிற் போல்ட்டை முற்றும் இறுக்கிவிட்டு வண்டியை இறக்கினால் யாது நிகழும்? தொங்குநிலைக்கும் நிற்குநிலைக்கும் இடையே கை 15 பாகை திரும்புவதாகக் கொள்வோம். வண்டி வெறுமனே நிற்கும்போதும் ரப்பர் 15 பாகை முறுக்குண்டே கிடக்கும். குழியில் விழுந்து சக்கரம் மேலும் 15 பாகை ஏறினால் முறுக்கு 30 பாகையாகும். இரவும் பகலும் பிழிந்தபடியே வைத்த துணி எத்தனை நாள் கிழியாதிருக்கும்? அவ்வாறே புஷ்ஷும் விரைவில் வெடித்து, 'கடகட' என்னும் ஓசையைத் தருகின்றது.

ஆதலின், ரப்பர் புஷ்ஷின் வழியே செல்லும் போல்ட்டுகளை முதலில் தளர்வாகக் கோத்துவிட்டு, வண்டியின் பாரம் சக்கரங்களின்மேல் நின்ற பிறகே முற்றும் இறுக்குதல் வேண்டும். பட்டறையில் குழியோ, சக்கரங்கள் நிற்கும் மேடையோ இருப்பின் இஃது எளிது. இல்லையெனின், தூக்குவதற்கு முன்பே சக்கரத்தின் நடுவினின்று மட்கார்டின் விளிம்புவரை உள்ள தொலைவை அளந்து குறித்துக்கொண்டு, பின்னர்க் கையின்கீழ் ஜாக்கி வைத்து அத்தொலைவு வரும்வரை உயர்த்தி இறுக்கலாம். அப்போதும் வண்டி ஸ்டாண்டுகளை விட்டு எழாதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்ட்ரட்டைச் சக்கரத்தோடு பிணிக்கும் போல்ட்டுகளுக்கு நடுவே ரப்பர் இன்மையின், அவற்றுக்கு இவ்விதி இல்லை.

எவ்வளவு இறுக்குவது என்பதும் அறியத்தக்கது. இறுக்கிய போல்ட்டு மிகச் சிறிதே நீண்டு, தானும் ஒரு வில்லாகி, இரு உறுப்புகளையும் நெருக்கிப் பிடிக்கின்றது. குறைவாக இறுக்கின் உறுப்புகள் வழுக்கி ஆணி தளரும். மிகையாக இறுக்கின் போல்ட்டு மீளாதவாறு நீண்டு வலிமை இழக்கும். ஆகவே வண்டி செய்தோர் தம் கைந்நூலில் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஓர் அளவு குறித்துள்ளனர். 100 நியூட்டன் மீட்டர் என்பது, ஒரு மீட்டர் நீளமுள்ள பிடியின் முனையில் ஏறத்தாழ 10 கிலோகிராம் எடை தொங்குவதற்கு ஒப்பாகும். கைப்பழக்கம் இவ்வளவைத் துல்லியமாகக் காட்டாது. டார்க் ரென்ச் என்னும் கருவியே காட்டும். நைலான் வளையம் பதித்த நட்டுகளைக் கழற்றினால் அவற்றுக்கு ஈடாகப் புதியனவே இடல் வேண்டும். இறுதியிற் சக்கரங்களின் நேர்மையையும் அளந்து திருத்துதல் வேண்டும்.

பழுது பார்ப்போர் பலரும் கைத்திறன் உடையவரே. காத்திருப்போரின் அவசரமே அவர்களை விரைவுபடுத்துகின்றது. ஆதலின் வண்டியை ஒப்படைக்குங்கால், 'ஐயா, புஷ் போல்ட்டுகளை வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு இறுக்குவீர்களா?' என்று வினவுதல் நம் கடன். அதற்காகும் கால் மணி நேரத்தை நாம் பொறுமையோடு அளிப்போமாயின், அடுத்த மழைக்குப் பின்னர்ச் சாலையைப் பழிக்க வேண்டிய காரணங்களுள் ஒன்றேனும் குறையும்.