வேடம் புனையும் உரிமை

உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் பாரத விழாக் காலத்தே இரவெல்லாம் கூத்து நிகழும். அதனைக் காணவரும் இளைஞர் கைப்பேசியிலோ இணைய விளையாட்டும் உண்டு. இரண்டிலும் ஒருவர் வேறோர் உருவம் மேற்கொண்டு பலரோடு கூடி ஆடுகின்றார். அவ்வுருவை அமைத்துக்கொள்ளும் உரிமை எத்தகையது என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

2004-இல் வெளிவந்த 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் விளையாட்டில் இனம், பால், தொழில், முகம், நிறம் முதலியவற்றை ஆடுவோரே தேர்ந்துகொள்வர். இத்தகைய உருவை 'அவதார்' என்பர். நம் நாட்டு 'அவதாரம்' என்னும் சொல்லே ஆங்கிலத்திற் புகுந்து இவ்வாறு மீண்டது. எனினும், இயற்றியோர் வகுத்த பட்டியலில் இல்லாத உருவை எவரும் பெறுதல் இயலாது. அவ்வுருவின் செயலும் நிரல் வகுத்த அளவினதே.

கூத்தின் நிலை வேறு. கண்ணாடிச் சில்லுகள் பதித்த மரமுடியும் புயக்கட்டையும் மார்புப் பதக்கமும் அரசர்க்கும் வீரர்க்கும் உரியன. துரியோதனனுக்குச் செம்முகம். நடிகர் தம் முகத்தைத் தாமே எழுதிக்கொள்வரேனும் நிறத்தை மாற்றார். மாற்றின், முகங்கண்டே இன்னார் என உணரும் அவையோர் மயங்குவர். ஆனால், பேச்சினை நடிகர் அவ்வப்போதே படைத்துக்கொள்வர். கட்டியக்காரனோ ஊர்ச்செய்தியையும் இடையே கொணர்ந்து நகையாடுவான். ஆகவே, உருவிற் கட்டும் உரையில் விடுதலையும் கூத்தின் இயல்பு. உருவில் விடுதலையும் செயலிற் கட்டும் விளையாட்டின் இயல்பு எனலாம்.

இனி, எவ்வேடம் புனையலாம் என்பதினும் எவர் புனையலாம் என்பதே பெரிய வினா. சிலப்பதிகாரத்து மாதவி ஆடிய பதினோராடலுள் ஆண்தெய்வங்களின் ஆடல்களும் உள. பின்னாளைய கூத்தில் பெண் வேடத்தையும் ஆடவரே புனைந்தனர். பெண்டிர்க்குக் களரியில் இடமில்லாதாயிற்று. 1990-இல் தோன்றிய காஞ்சிபுரம் கட்டைக்கூத்துச் சங்கமும், 2002-இல் அது புஞ்சரசந்தாங்கலில் நிறுவிய குருகுலமும் சிறுமியர்க்கும் இக்கலையைப் பயிற்றின. அதன் பயனாய்ப் பெண்களும் கட்டை அணிந்து அரசராயினர். விளையாட்டில் ஒரு நொடியில் கிட்டும் அவ்வுரிமை, இங்கே ஊரார் கண்முன் நின்று பெறப்பட்டது.

பட்டியலிலிருந்து தேர்தல் உரிமையின் தொடக்கமே. அவையோர் ஏற்குமாறு வேடத்தைத் தனதாக்கலே அதன் நிறைவு. ஆகவே, முகமெழுதும் முறைகளை முதிய கூத்தரிடம் கேட்டுப் பதிவு செய்தலும், புதியன புனைவார்க்கு அவற்றை வழங்குதலும் ஆய்வு மாணவர் கடனாம்.