காக்ரேன் – மகேஷ்சந்திரர் சதுரங்க ஆட்டம், 1855

காக்ரேன் – மகேஷ்சந்திரர் ஆட்டம் என்பது 1855 மே மாதம் கல்கத்தாவில் ஆடப்பட்ட ஒரு சதுரங்க ஆட்டமாகும். வெள்ளைக் காய்களை ஆடிய ஜான் காக்ரேன் (1798–1878) இசுக்காட்லாந்து வழக்கறிஞர். கறுப்பை ஆடிய மகேஷ்சந்திர பானர்ஜி வங்காள அந்தணர். இருவருக்கும் சதுரங்கம் பிழைப்பன்று. பரிசுக் கோப்பையும் இதில் இல்லை. ஆயினும், இன்று குரூன்ஃபெல்ட் தடுப்பாட்டம் எனப்படும் தொடக்கம் பதிவான முதல் ஆட்டம் இதுவே.

அக்கால இந்திய முறையில் காலாள் முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டமே செல்லும். அதில் பழகியவர்கள் நடுப்பலகையை எதிரிக்கு விட்டுவிட்டு, மந்திரியை ஜி7 கட்டத்தில் நிறுத்தித் தொலைவிலிருந்து தாக்குவார்கள். மகேஷ்சந்திரரும் அப்படியே ஆடினார். ஆனால் மூன்றாம் நகர்த்தலில் டி5 எனக் காலாளை இரண்டு கட்டம் செலுத்தினார். காலாளும் குதிரைகளும் வெட்டுப்பட்டபின், சி5 காலாளால் வெள்ளையின் டி4 கட்டத்தை நெருக்கினார். இன்றைய ஆட்டக்காரர்களும் இதே வழியில்தான் செல்கின்றனர்.

17ஆம் நகர்த்தலில் காக்ரேன் குதிரையை ஜி5-க்குக் கொண்டுவந்தார். பி3-இல் இருந்த அரசியும் அக்குதிரையும் சேர்ந்து எஃப்7 காலாளைக் குறிவைத்தன. மகேஷ்சந்திரர் அதைக் காக்காமல் இ2 மந்திரியை வெட்டினார். குதிரை எஃப்7-இல் பாய்ந்து கறுப்பு அரசியைத் தாக்கியது. பதிலுக்கு அவர் தம் குதிரையை ஏ5-இல் வைத்து வெள்ளை அரசியைத் தாக்கினார். நல்ல எதிரடிபோல் தோன்றும் நகர்த்தல்தான். ஆனால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. வெள்ளைக் குதிரை எச்6-க்குத் தாவினால் குதிரை, அரசி இரண்டும் ஒரே நேரத்தில் முற்றுகையிடும்; அரசன் நகர்ந்தே ஆகவேண்டும். எஃப்8-க்குப் போனால் எஃப்7-இல் அரசி முடித்துவிடும். எச்8-க்குப் போனால், அரசி ஜி8-இல் தன்னையே பலியிடும். கோட்டை அதை வெட்டியதும், சொந்தக் காய்களே வழியடைத்து நிற்கும் அரசனைக் குதிரை எஃப்7-இலிருந்து வீழ்த்தும்.

வென்றவரின் பலியாட்டம் அழகானது. எனினும் நிலைத்தது தோற்றவரின் தொடக்கமே. 67 ஆண்டுகள் கழித்து, 1922-இல் வியன்னாவில் எர்ன்ஸ்ட் குரூன்ஃபெல்ட் அதே முறையில் அலெக்சாண்டர் அலெகினை வென்றார். பெயரும் அவருக்கே போயிற்று. 2010-இல் சோபியாவில் நடந்த உலக வாகையர் போட்டியின் முதல் ஆட்டத்தில் விசுவநாதன் ஆனந்த் இத்தொடக்கத்தைக் கறுப்பில் ஆடி, வெசலின் தோபலோவிடம் 30 நகர்த்தல்களில் தோற்றார். அங்கும் ஒரு குதிரைப் பலிதான் கறுப்பு அரசனின் அரணைத் தகர்த்தது.